பக்கத்து வீட்டு ஜன்னலில் பூப்பந்து

இருபத்தாறு வயதில், சாங்கி விமான நிலையச் சரக்குப் பிரிவில் நிரந்தர வேலையும் முகத்தில் ஓரளவு மீசையும் இருந்த காலத்தில், நான் ஒரு கார்ட்டூன் பெண் மேல் பைத்தியமாக இருந்தேன். ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் அக்கா இதைத் தீவு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டதால் இனி மறைத்துப் பயனில்லை.

ஜப்பான்காரர்கள் வரைந்த தொடர் அது. டிவியில் சீன மொழி பேசி வரும். எனக்குச் சீனத்தில் சாப்பாட்டுப் பெயர்கள் மட்டும்தான் தெரியும். ஆனால் அவளைப் புரிந்துகொள்ள மொழி எதற்கு? அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, பூப்பந்தில் ஜெயிக்க வேண்டும். மழையில் நனைந்துகொண்டு சுவரோடு ஆடுவாள். முட்டியில் கட்டுப் போட்டுக்கொண்டு ஆடுவாள். ஒரு பையன் பூங்கொத்தோடு வந்து நிற்பான், அவனை வலைக்கம்பத்தைப் பிடிக்கச் சொல்லிவிட்டு ஆடுவாள். கண் இரண்டிலும் நெருப்பு எரியும் (நிஜமாகவே வரைந்திருப்பார்கள்). நானோ முடிவெட்டிக்கொள்ளக்கூட இரண்டு பேரிடம் யோசனை கேட்பவன். அவளைப் பார்க்கும் அரை மணி நேரம் மட்டும் எனக்கும் முதுகெலும்பு இருப்பதாகத் தோன்றும்.

கடைசி ஆட்டம் ஒரு சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு. அதே சனிக்கிழமை ஐந்தரைக்கு, கேலாங்கில், எனக்குப் பெண் பார்க்கும் படலம்.

பெண்ணின் பெயர் ஸ்டெல்லா. ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறை அலுவலகத்தில் வேலை. பங்குக் கோயிலில் யாரோ சொல்லி வந்த சம்பந்தம்.

"நீ வாயத் தொறக்காத, நான் பேசிக்கிறேன்," என்று ஆங் மோ கியோவில் பஸ் ஏறும்போதே அம்மா சொல்லிவிட்டார்.

"கடிகாரத்தையும் பாக்காத," என்றாள் அக்கா. அவளுக்கு விஷயம் தெரியும்.

அவர்கள் வீட்டில் டிவி இருந்தது. அதன்மேல் பூ வேலை செய்த துணியைப் போர்த்தி, மாதா சுரூபத்தை வைத்திருந்தார்கள். மாதாவை நகர்த்தச் சொல்லும் துணிச்சல் எனக்கு ஏது? நலம் விசாரித்து முடிக்கவே ஆறாகிவிட்டது, அதன் பிறகுதான் ஸ்டெல்லாவின் அப்பா ஜெபத்தோடு தொடங்கினார். எல்லோரும் கண்ணை மூடிய அந்த நேரத்தில், சுவருக்கு அந்தப் பக்கத்து டிவியிலிருந்து அந்தக் கார்ட்டூனின் தொடக்கப் பாட்டு கேட்டது. எனக்கு ஜெபம் பாதியிலேயே மறந்துவிட்டது.

ஸ்டெல்லா காப்பி கொண்டுவந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேனா என்றால், இல்லை. சுவரைப் பார்த்தேன். அங்கே கூட்டம் கத்துகிறது. யாரோ புள்ளி எடுத்துவிட்டார்கள். என் கார்ட்டூன்காரியா, எதிரியா?

"மழ வர்ற மாதிரி இருக்கு. வெளிய செருப்பெல்லாம் நனைஞ்சிடும், ஓரமா வெச்சிட்டு வந்துடறேன்," என்று எழுந்தேன். (வெளியே பளீரென்று வெயில்.)

பக்கத்து வீட்டு ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகள், அந்த மாடி வீடுகளுக்கெல்லாம் பொதுவான நடைபாதைப் பக்கம் திறந்திருந்தன. புள்ளிக் கணக்கை மட்டும் பார்த்துவிட்டு ஓடிவிடலாம் என்று குனிந்தேன். இரண்டு பக்கமும் சமம்! அவள் முட்டிக்கட்டு அவிழ்ந்து தொங்குகிறது. அவள் விடமாட்டாள் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் பட்டைகளோடு முகத்தை ஒட்டிக்கொண்டேன்.

"ஆப்பா தெங்கோ?" என்று என் முதுகுக்குப் பின்னால் மலாயில் ஓர் அதட்டல். என்ன பார்க்கிறாய் என்று கேட்டுக்கொண்டு, துணி காயப்போடும் மூங்கில் கழியோடு அந்த வீட்டுச் சீன மாது நின்றுகொண்டிருந்தார்.

வரிசையாகக் கதவுகள் திறந்தன. அம்மா கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டார். ஸ்டெல்லாவின் அப்பா குரலைத் தாழ்த்தி, "தம்பி, அந்த வீட்டுல வயசுப் பொண்ணுங்க ரெண்டு பேரு இருக்காங்க லா," என்றார்.

"அவங்கள பாக்கல அங்கிள். நான் வேற ஒரு பொண்ணப் பாத்தேன்," என்றேன். பெண் பார்க்கப் போன இடத்தில் இதைவிடக் கேவலமான விளக்கத்தை யாரும் கொடுத்திருக்க முடியாது. "டிவியில அங்கிள். கார்ட்டூன்ல!"

அக்காதான் கழியிடமிருந்து என்னை மீட்டு உள்ளே இழுத்து வந்தாள். ஸ்டெல்லா முதன்முதலாக வாயைத் திறந்தாள்.

"அவள ஏன் அவ்ளோ புடிக்கும்?"

அவமானத்தில் நாக்கு கட்டவிழ்ந்துவிட்டது. "அவளுக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். யாரு என்ன சொன்னாலும் விட மாட்டா. அந்த மாதிரி ஒருத்தரப் பாத்தாலே எனக்கு..." என்று ஐந்து நிமிடம் பொழிந்தேன். அவள் அப்பாவின் முகம்கூட இளகியது. இந்தச் சம்பந்தம் பிழைத்துவிடும் என்று நம்பினேன்.

ஸ்டெல்லா எனக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"எனக்கும் ஒண்ணு வேணும். கப்பல் டிராயிங் படிக்கப் போறேன். மூணு வருஷம், ஈவினிங் கிளாஸ். வாரத்துல நாலு நாள் வீட்டுக்கு வர ராத்திரி பத்து மணி ஆயிடும். கல்யாணத்துக்கு அப்புறமும் விட மாட்டேன். உங்களுக்கு ஓகேயா?"

பதில் என் வாயில் தயாராக இருந்தது. சத்தியமாக இருந்தது. ஆனால் சொல்லுமுன், பழக்கதோஷத்தில், திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.

அம்மா பிஸ்கட்டை மென்றுகொண்டிருந்தார். நான் மறுபடி இந்தப் பக்கம் திரும்புவதற்குள் ஸ்டெல்லா காப்பித் தட்டோடு எழுந்துவிட்டாள்.

"பரவால்ல. நீங்க டிவியிலயே பாருங்க," என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் இன்றைக்கும் வலிக்கிறது.

திரும்பும் பஸ்ஸில் அம்மா பொரிந்து தள்ளினார். "என்னை ஏன்டா பாத்த? நான் சரின்னுதானே சொல்லியிருப்பேன்!"

ஸ்டெல்லா படித்து முடித்து வரைபடப் பிரிவுக்கே போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். எனக்கும் கல்யாணமானது. நிச்சயத்துக்கு முன்பே அக்கா முழுக் கதையையும் என் வருங்கால மனைவியிடம் நடித்துக் காட்டிவிட்டாள். அதனால், பிள்ளைகள் என்னிடம் எதையாவது கேட்டால், என் மனைவி கையில் கிடைத்ததை எடுத்து, நான் பார்க்க முடியாதபடி முகத்தை மறைத்துக்கொள்வாள், செய்தித்தாளோ தலையணையோ. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

மகள் வெளிநாட்டில் படிக்கப் போகட்டுமா என்று கேட்ட அன்று மட்டும் யாரும் சிரிக்கவில்லை. மனைவி எழுந்து சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"இப்ப சொல்லுங்க," என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"போ" என்றேன். ஒரே எழுத்து. சொல்லி முடிப்பதற்குள் சட்டை வேர்வையில் நனைந்துவிட்டது.