செருப்புக் கடையை மட்டும் நீக்கிடாதீங்க, அத்தை!

ஒன்பது ஊர் தீர்மானம் போட்டாச்சு, இன்னும் ஒரே ஒரு ஊர்தான் பாக்கி, அது உங்க ஊர், அத்தை!!!

நகர்மன்றத் தலைவரும் என் அப்பாவின் ஒரே தங்கையுமான அத்தை அவர்களுக்கு, அண்ணன் மகள் பணிவுடன் எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். இடது கணுக்கால் நீங்கலாக அப்பாவும் நலம். அங்கு தாங்களும் மாமாவும் தங்கள் மன்ற உறுப்பினர்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன். எல்லாச் செயலியிலும் நீங்கள் என்னை ப்ளாக் செய்திருப்பதால், வாழ்க்கையில் முதல்முறையாகத் தபால்தலை வாங்கினேன். ஒட்டிய பிறகுதான் "இது போய்ச் சேர நாலு நாள் ஆகும்டி" என்று அம்மா சொன்னாள். நமக்கு நாலு நாள் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிதான் கெடு. ஆகவே உங்கள் ஊர் பஸ் கண்டக்டரிடம் கொடுக்கிறேன்.

முதலில் அந்தக் கொட்டாவி விஷயம். இரண்டு வருடம் முன்பு உங்கள் பதவியேற்பில் நீங்கள் பேசிய பதினான்காவது நிமிடத்தில் அப்பா கொட்டாவி விட்டது உண்மை. அதை வெட்டி, பின்னணி இசை சேர்த்து, என் 'மன்ற ரசிகர்கள்' பக்கத்தில் போட்டது நான். அதை உங்கள் ஊர் ஜனத்தொகையை விட அதிகம் பேர் பார்த்ததற்கு நான் பொறுப்பில்லை, ஆனால் பொறுப்புதான். அப்பா அன்றைக்கு இரவு ஷிப்ட் பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு நேராக அங்கே வந்திருந்தார். மன்னிச்சிடுங்க அத்தை. கோபத்தை என் மேல் வையுங்கள், தீர்மானத்தின் மேல் வேண்டாம்.

விஷயம் இதுதான். எங்கள் பள்ளிக்கூட வாசலில் போகும் சாலை ஊருக்குள் இருந்தாலும் ஊருடையது இல்லை, தலைநகர் அரசாங்கத்துடையது. அதில் ஒரு வேகத்தடை போட எங்கள் மன்றத்துக்கு அதிகாரம் கிடையாது. போன வருடம் மன்றம் வெள்ளைக் கோடு போட்டுப் பார்த்தது. அழிக்கச் சொல்லி நோட்டீஸ் வந்தது. போட்ட அதே பெயிண்டரே வந்து கறுப்புப் பெயிண்டால் அழித்தார். முழுவதையும் லைவ் போட்டேன், இரண்டு மணி நேரம், பார்த்தவர்கள் மூன்று பேர், அதில் ஒருவர் பெயிண்டரின் மனைவி. இரண்டு மாதம் முன்பு இரண்டாம் வகுப்புப் பெண் குழந்தையை லாரி இடித்துக் கை முறிந்தது. மறுநாள் காலை அப்பா ஒரு சிவப்புப் பெயிண்ட் டப்பா மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு நடுரோட்டில் போய் நின்றார். முப்பது வருஷம் பஸ் ஓட்டினவர், இப்போ தினம் காலையும் பகலும் எல்லா வண்டியையும் நிறுத்தறார். "வேகத்தடை வர்ற வரைக்கும் நான்தான் வேகத்தடை"ங்கறார்.

அதனால மன்றம் விதியையே மாத்தச் சொல்லிக் கேக்கறதுன்னு முடிவு பண்ணுச்சு. குறைஞ்சது பத்து உள்ளாட்சிகள் ஒரே வாசகத்துல தீர்மானம் அனுப்பினாத்தான் தலைநகர் யோசிக்கும். ஒரே வாசகம், கவனிங்க. எங்க மன்றத்துத் தலைமை எழுத்தர் உயிரைக் கொடுத்து எழுதினார். அதை வாங்கின எட்டு ஊரும் ஒரு எழுத்து மாத்தாம காப்பி எடுத்து, ஊர்ப் பேரை மட்டும் மாத்தி அனுப்பிட்டாங்க. அதுல ஒரு வரி, "எங்கள் ஊரில் செருப்புக் கடைக்கு எதிரே உள்ள பள்ளி வாசலில் குழந்தைகள் உயிருக்கு ஆபத்து உள்ளதால்" அப்படின்னு. அதையும் சேர்த்து!

போன வாரம் மன்றக் கூட்டம் லைவ்ல ஓடிட்டு இருக்கும்போதே தலைநகர்லேருந்து போன். எழுத்தர் பதட்டத்துல ஸ்பீக்கரை அமுக்கிட்டார்.

"ஏங்க, ஒன்பது ஊர்லயும் பள்ளிக்கூடத்துக்கு எதிர்ல செருப்புக் கடையா?"

"ஆமாங்க சார். பிள்ளைங்க நிறைய நடக்குதுங்க இல்லையா, தேயும்."

"நேர்ல வந்து பாக்கறோம்."

ஒரு வார்த்தையைத் திருத்தினாலும் ஒன்பது ஊரும் மறுபடி கூட்டம் போடணும், முறைப்படி நோட்டீஸ் கொடுத்துக் கூட்ட நாள் இல்லை. அப்போ எங்க தலைவர் ரொம்ப மெதுவா, "வரியை மாத்த முடியாது. கடையை மாத்தலாமே"ன்னார். நான் அந்த நிமிஷம் கமெண்ட்ல இதயமா போட்டுத் தள்ளினேன். என் புத்தியை எதால அடிக்கறது, சொல்லுங்க.

எங்க ஊர்ச் செருப்புக் கடைக்காரரை ஒத்தையண்ணன்னு கூப்பிடுவோம். திருட்டுப் போகக்கூடாதுன்னு வாசல்ல ஒவ்வொரு ஜோடியிலும் ஒண்ணை மட்டும்தான் தொங்க விடுவார். நேத்து காலைல அவர் போர்டையும் ரேக்கையும் ஒற்றைச் செருப்புகளையும் வேன்ல ஏத்திக்கிட்டு, அதிகாரி முதல்ல போற ஊருக்குப் போயிட்டார். அங்க பள்ளிக்கூடத்துக்கு எதிர்ல கடையை விரிச்சார், அதிகாரி பார்த்தார், சரின்னார். அடுத்தது எங்க ஊர்னார்! எங்க ஊர்லதான் இப்போ கடையே இல்லையே! ஒத்தையண்ணன் எல்லாத்தையும் அள்ளிப் போட்டுக்கிட்டு, அதிகாரி ஜீப்பை முந்திக்கிட்டு, அந்த ரோட்டுல பறந்து வந்திருக்கார். சரியா பகல் பன்னிரண்டு, சின்ன வகுப்பு விடற நேரம். அப்பா மூடியைத் தூக்கிக்கிட்டு ரோட்டுல கால் வைக்கறார், அவர் பின்னாடி பதினோரு குழந்தைங்க.

நான் இந்தப் பக்கம் போனைப் பிடிச்சுட்டு நின்னேன். "அப்பா!"ன்னு கத்தினேன். பிரேக் அடிச்ச சத்தம். மூடி பறந்துச்சு. அப்பா குழந்தைங்களைப் பின்னாடி தள்ளிவிட்டுத் தானும் விழுந்தார். வேன் கதவு திறந்து மொத்தக் கடையும் அவர் மேல கொட்டுச்சு. குழந்தைங்களுக்கு ஒரு கீறல் இல்லை அத்தை. பின்னாடியே ஜீப் வந்து நின்னுது.

அதிகாரி இறங்கி, நோட்டைப் பிரிச்சு, "செருப்புக் கடை எங்கங்க?"ன்னார்.

"என் மேல இருக்கு சார்"ன்னார் அப்பா.

"இங்க வேகத்தடை இல்லையா?"

"அதைத்தான் சார் ஒன்பது ஊர் சேர்ந்து உங்ககிட்ட கேக்குது."

ஒத்தையண்ணன் ரோட்டோரமா உட்கார்ந்து அழுதுட்டார். அப்பாவுக்கு இடது கணுக்கால் பிசகிடுச்சு, மூணு வாரம் நிக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அப்பா என்ன சொல்றார் தெரியுமா? "நிக்கத்தானே கூடாது"ங்கறார். நாளைக்கு நாற்காலி போட்டு நடுரோட்டுல உட்காரப் போறாராம். அம்மா நாற்காலியைக் குளியலறைல வெச்சுப் பூட்டிட்டா. அவர் பக்கத்து வீட்ல கேட்டு வாங்கிட்டார்.

அத்தை, நாளைக்கு வியாழக்கிழமை உங்க மன்றக் கூட்டம். அந்தத் தீர்மானத்தை அப்படியே போடுங்க. உங்க பள்ளிக்கூடத்துக்கு எதிர்ல பால் பூத்துதான் இருக்குன்னு எனக்குத் தெரியும். பரவாயில்லை. செருப்புக் கடையை மட்டும் நீக்கிடாதீங்க. ஒரு எழுத்து மாறினாலும் பத்து ஒன்பதாயிடும், அப்பா நாற்காலியோட ரோட்டுல இருப்பார்.

மாமாவுக்கு என் வணக்கம். அண்ணனை ஆசீர்வதிக்க வயது இடம் கொடுக்காது, அண்ணன் மகளையாவது ஆசீர்வதியுங்கள்.

தங்கள் ப்ளாக்கில் இருக்கும்,
அண்ணன் மகள்

பின்குறிப்பு: ஐயோ அத்தை! உறைக்குள்ள போடும்போதே அப்பா போன் அடிச்சுது. நீங்கதான்! திங்கக்கிழமையே அவசரக் கூட்டம் போட்டு அனுப்பிட்டீங்களாமே! அப்பா மூடியோட நிக்கறதை நான் போட்ட வீடியோவை மாமா போன்ல பார்த்தீங்களாமே! ப்ளாக்ல இருக்கறதால எனக்கு ஒண்ணும் தெரியல. செருப்புக் கடையையும் நீக்கிட்டீங்களாமே! அதுதான் சரியான வாசகம், மத்த ஒன்பதும் அதே மாதிரி வரணும்னு அந்த ஜீப் அதிகாரியே இன்னைக்குச் சொல்லிட்டாராமே! அதனால மேலே எழுதினது எதையும் செய்யாதீங்க. தபால்தலை ஒட்டினதால கிழிக்க மனசு வரல, கண்டக்டர் வேற வாசல்ல விசில் ஊதறார். நாளைக்குக் காலை எட்டு மணிக்கு எங்க பள்ளி வாசல்ல உங்க ஆளுங்க நிப்பாங்கன்னு நீங்க சொன்னதும் அப்பா நாற்காலியைத் திருப்பிக் கொடுத்துட்டார். வர்றவங்க வீட்ல எந்தச் சிவப்பு மூடி இருந்தாலும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க, எல்லாருக்கும் சொல்லுங்க. பத்து மணிக்கு ஒன்பது ஊரும் உங்களை மாதிரியே அவசரக் கூட்டம், உங்க வாசகத்தைக் காப்பி அடிக்க, என் பக்கத்துல லைவ். லிங்க் அனுப்பணும், என்னை அன்ப்ளாக் பண்ணுங்க, உங்க ஊர் முழுக்கப் பகிருங்க. நீங்களும் பேசுவீங்களான்னு அப்பா கேட்டார். பேசுவாங்கன்னேன். "அப்போ நம்ம பக்கம் கேமராவை அணைச்சு வை"ன்னார்.