கடத்தல்தான் வேலை

கொழும்பு வெள்ளவத்தையில் பெண் பார்க்க வந்த வீட்டில், தேநீர் ஆறுவதற்குள் நிக்கலஸ் தன் காரியத்தைத் தானே கெடுத்துக்கொண்டான்.

"என்ன வேலை பாக்கிறீர் தம்பி?" என்று பெண்ணின் தகப்பன் யேசுரட்ணம் கேட்டதுதான் தொடக்கம். காலி வீதியில் புடவைக்கடை வைத்திருந்த அவருக்கு ஆங்கிலம் கலந்து பேசுகிறவர்களைக் கண்ணில் காட்டக்கூடாது. அப்படிப் பேசிய இரண்டு மாப்பிள்ளைகளைப் படியிறக்கிவிட்டார் என்று தரகர் ஒஸ்வால்ட் எச்சரித்திருந்தார். நிக்கலஸ் கொட்டாஞ்சேனைக்காரன், ஆங்கிலம் கலக்காத வசனம் அவனுக்கு உப்பில்லாத சோறு. ஆனால் பெண் கொன்ஸ்ரன்ஸை விட மனமில்லை. செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் அவள் பின்னலைப் பார்த்தே செபம் சொல்லி வந்தவன் அவன். ஆகவே, பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் தான் செய்யும் வேலையைப் பாடமாக்கிய தமிழில் எடுத்துவிட்டான்.

"கடத்தல்தான் ஐயா. புது முறையில."

யேசுரட்ணத்தின் கோப்பை பாதி வழியில் நின்றது.

அவருக்கு விளங்கவில்லையாக்கும் என்று நிக்கலஸ் விரித்துச் சொன்னான். கண்ணுக்கே தெரியாத கறுப்புத் தூளை ரப்பரில் கலக்கிறார்கள். பிறகு வளைக்கலாம், மடிக்கலாம், கடத்துவது நிற்காது. நகத்தளவு செய்து தோலில் ஒட்டிவிட்டால் பக்கத்தில் இருப்பவனுக்கும் தெரியாது.

யேசுரட்ணம் குரலைத் தாழ்த்தினார். "சோதனைச் சாவடியில இராணுவத்தான் பிடிக்க மாட்டானோ?"

"இண்டைக்கும் சட்டைப் பையில கொண்டுதான் வந்தனான். சைக்கிள் டியூப் துண்டெண்டு விட்டுட்டான்."

யேசுரட்ணம் எழுந்துபோய் வீதிப் பக்கத்து யன்னலைச் சாத்தினார். அருகில் இருந்த அவருடைய தங்கை றஞ்சிதம் உள்ளே ஓடினாள். பின்னறையில் பாரமான பெட்டியொன்று இழுபடும் சத்தம் கேட்டது.

அப்போதுதான் நிக்கலஸுக்கு உறைத்தது. மின்சாரம் என்ற சொல்லை அவன் ஓரிடத்திலும் சொல்லவேயில்லை. வெள்ளை வான் வண்டியில் ஆள் கடத்தப்பட்ட செய்தி வராத நாளில்லாத காலத்தில், மரியாதையான வீட்டில் உட்கார்ந்து, கடத்தல்தான் தொழில் என்று பெருமையடித்திருக்கிறான். பெட்டியைக் கதவுக்கு முட்டுக்கொடுக்கிறார்கள் போலும். அதுவரை குனிந்திருந்த கொன்ஸ்ரன்ஸ் நிமிர்ந்து அவனை முழுசாகப் பார்த்தாள். கதிரைக்கடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது.

"நீங்கள் பயப்பிடுற மாதிரி இல்லை ஐயா," என்று தடுமாறினான். "நான் தனிய செய்யேல்ல. பேராசிரியர்தான் எங்களுக்குத் தலைவர். ஜேர்மனியில இருந்தும் ஆக்கள் வந்து பாத்திட்டுப் போனவை."

றஞ்சிதம் பெரிய தட்டு நிறைய கட்லட்டும் ரோல்ஸும் கொண்டுவந்து வைத்தாள். பயத்தில் படைக்கிறார்கள் என்று அவன் இன்னும் கூசிப்போனான். யேசுரட்ணமோ கதிரையை இழுத்து, அவன் முழங்காலோடு முட்டப் போட்டுக்கொண்டார்.

"இதுவரைக்கும் பிசகினதில்லையோ?"

பொய் சொல்லவும் அவனுக்கு வரவில்லை. "தொடக்கத்தில நாலைஞ்சு எரிஞ்சு போச்சு ஐயா."

யேசுரட்ணம் சிலுவை போட்டுக்கொண்டார்.

இனி வாயை நம்பிப் பயனில்லை. நிக்கலஸ் மேசையில் கிடந்த ரோச் விளக்கைக் கழற்றி, பட்டரியையும் பல்பையும் தன் கறுப்பு ரப்பர் நாடாவால் இணைத்தான். நாடாவை மடித்தான், முறுக்கினான். பல்ப் எரிந்துகொண்டே இருந்தது.

"கரண்ட், ஐயா," என்றான், தமிழ் கெட்டாலும் மானம் பிழைக்கட்டும் என்று. "நான் கடத்துறது கரண்ட் மட்டும்தான். உங்களைக் கலவரப்படுத்திப் போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

யேசுரட்ணம் பல்பைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். பெருமூச்சோடு கட்லட் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

றஞ்சிதம் பின்னறையில் இருந்த தன் மகனுக்குக் குரல் கொடுத்தாள்:

"சப்பாத்தைக் கழட்டு ராசா, பெட்டியையும் கட்டிலுக்குக் கீழ தள்ளு. இவர் கரண்டைத்தான் கடத்துறவராம், லண்டனுக்கு ஆள் கடத்தத் தெரியாதாம்."