விற்கக் கூடாத சைக்கிள்

"அண்ணாச்சி, இதுவும் புடிச்சிருக்கு," என்றார் சுந்தரலிங்கம்.

பலவேசம் பில் புத்தகத்தை மேசைக்கு அடியில் தள்ளினார்.

சைக்கிள் கடை வைத்திருக்கும் வேறு எவனாக இருந்தாலும் இந்நேரம் பில் போட்டிருப்பான். ஆனால் பலவேசம் கடைக்கு ஈ வரும், ஆடிக்காற்று வரும், அவற்றை விட்டால் இந்த ரிட்டயர்டு சர்வேயர் மட்டும்தான் வருவார். பலவேசத்தின் மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மகள் இவாஞ்சலின் கனடாவிலிருந்து ஞாயிறுதோறும் போன் போட்டு, "சாப்பிட்டீங்களாப்பா?" என்று கேட்பாள், பதில் வருவதற்குள் வைத்துவிடுவாள்.

"சின்ன வயசுல ஓட்டுனது. மறுபடி ஆரம்பிக்கலாம்னு. வளைஞ்ச ஹேண்டில் பார் வச்ச ரேஸ் சைக்கிள் வேணும்," என்று போன மாதம் வந்தவர் சுந்தரலிங்கம். அன்றிலிருந்து தினமும் வருகிறார். கியரில் ஆரம்பிக்கும் பேச்சு, பிரஷர் மாத்திரை வழியாகப் போய், அவர் ஒண்டியாகப் பொங்கிச் சாப்பிடும் சோறு குழைந்துபோன கதையில் முடியும். அதற்குள் மத்தியானம் ஆகிவிடும்.

சைக்கிளை விற்றுவிட்டால் மனிதர் ஏறிப் போய்விடுவார். அப்புறம் ஈக்களோடுதான் பேச வேண்டும்.

"இது வேணாம் சார். உங்க ஒசரத்துக்கு பிரேம் குட்டை," என்றார் பலவேசம்.

"நீங்க சொன்னாச் சரி அண்ணாச்சி."

"இந்தச் செவப்பை எடுத்துட்டு கம்பம் ரோட்டுப் பக்கமாப் போயிப் பாருங்க."

அந்தத் திசையில் அடித்த எதிர்க்காற்று சாதாரணக் காற்றா? போன ஆடியில் சின்னமனூரில் காயப்போட்ட வேட்டியைத் தேனியில் ஒருவர் கட்டிக்கொண்டு திரிந்தார்.

"கடைவீதியில கூட்டமா இருக்கு. முக்கு வரைக்கும் தள்ளிட்டுப் போயி ஏறிக்கிறேன்," என்று கிளம்பிய சுந்தரலிங்கம், அரைமணி கழித்து, எடுத்த வகிடு கலையாமல் திரும்பினார்.

"காத்தா? எங்கன அடிச்சுச்சு? மெதந்துக்கிட்டுல்ல போச்சு!"

மறுநாள் பலவேசம் சீட்டை மாற்றினார். பரணில் கிடந்த பழைய சீட்டு. அதில் உட்கார்ந்தவன் ஒரு வாரத்துக்கு நின்றுகொண்டுதான் சாப்பிட முடியும்.

"மெத்தை அண்ணாச்சி, மெத்தை!"

அதற்கும் மறுநாள் இரண்டு டயரிலும் காற்றைப் பிடுங்கிவிட்டார். டயர் தோசையாகத் தரையில் படிந்தது.

"ரோட்டுல பள்ளம் இருக்கதே தெரியலைன்னாப் பாத்துக்கங்களேன்!"

இந்த மனிதருக்கு உடம்பா, இரும்பா? பலவேசம் வாய்க்கு வந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். ஒன்றுக்குக் கலர் சரியில்லை என்றார், ஒன்றுக்கு பெல் சத்தம் பத்தாது என்றார். குறை சொல்லிச் சொல்லிக் கடைசியில் கடையில் குறை சொல்லாத ஒரே ஒரு சைக்கிள்தான் மிஞ்சியது.

அன்றைக்கு சுந்தரலிங்கம் தேய்த்த சட்டையோடு வந்தார்.

"உங்களை எத்தனை நாளைக்குத்தான் அலைக்கழிக்கிறது? எனக்கே வெக்கமா இருக்கு. இன்னிக்கு முடிச்சிருவோம் அண்ணாச்சி."

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் பலவேசம் குனிந்தார். செயினையே கழற்றி வேட்டி மடியில் கட்டிக்கொண்டார்.

"எதுக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வந்து சொல்லுங்க சார்."

அரைமணியில் ஆள் வந்துவிட்டார்.

"இதான் அண்ணாச்சி! வீரபாண்டிக் கோயில் வரைக்கும் போயிட்டு வந்துட்டேன். மிதிக்கவே வேணாம் போல!" என்றவர், குரல் இறங்கி, "நேரு சிலைகிட்ட ஏ.டி.எம்.ல பணம் எடுத்துட்டு வந்துர்றேன்," என்று நடந்தார்.

செயின் இல்லை என்று சொன்னால், கழற்றியது யார் என்றும் சொல்ல வேண்டுமே! பலவேசம் மடியில் கனத்த செயினோடு ஸ்டூலில் உட்கார்ந்து, சுந்தரலிங்கம் வழக்கமாக உட்காரும் நாற்காலியைப் பார்த்தார். அதில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது.

முக்கு டீக்கடை பஞ்சம்மாள் டீயோடு வந்தாள்.

"என்ன அண்ணாச்சி, மூஞ்சி இப்பிடித் தொங்கிப்போச்சு?"

"சார் சைக்கிள் வாங்கப் போறாக ஆத்தா. செயினே இல்லாம வீரபாண்டிக்குப் போயிட்டு வந்துட்டாக!"

"வீரபாண்டிக்கா? அவுகளுக்குச் சைக்கிளே விடத் தெரியாது. தெனமும் எங்க கடைச் செவுத்துல சாத்தி வச்சிட்டு, 'கௌமாரியாத்தா, அண்ணாச்சி இதையும் வேணாம்னு சொல்லிரணும்'னுல்ல கும்பிட்டுக்கிட்டு உக்காந்திருக்காக!"