எட்டாவது லாந்தர்

விழுங்கிய பிறகுதான் செந்தில்வேலுக்கு உறைத்தது. செடியில் எட்டு லாந்தர் இருந்தது. இப்போது ஏழுதான் இருக்கிறது.

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. மண்ணரை என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனிக்கு அவர் நிர்வாக மேலாளர். ஆடிட் ஃபைல் முதல் அடைத்துக்கொண்ட கக்கூஸ் வரை எல்லாம் அவர் தலையில். வரவேற்பறைச் செடியைப் பார்க்கப் போனவர், பசியும் அசதியுமாக ஒரு லாந்தர்க் கூட்டைப் பறித்தார். சின்ன வயதில் சொடக்குத் தக்காளியை உடைத்த பழக்கத்தில் நெற்றியில் டப்பென்று உடைத்து, உள்ளே இருந்த பழத்தை வாயில் போட்டு விரலையும் நக்கிக்கொண்டார். நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் அது சொடக்குத் தக்காளி இல்லை. கம்பெனிக்கு ஆர்டர் கொடுக்கும் ஜெர்மனிக்காரப் பையரம்மா போன வருடம் வந்தபோது, தன் தோட்டத்து விதை என்று கொடுத்துவிட்டுப் போன அழகுச் செடி. ஆரஞ்சு நிறத்தில் லாந்தர் விளக்கு போலக் கூடு தொங்கும். போன மாதம் டி-ஷர்ட்டுக்குக் காட்டிய ஆரஞ்சு சாயத்தை "இது ஆரஞ்சே இல்லை" என்று மூன்று தடவை திருப்பி அனுப்பிய அதே அம்மாதான். இன்றைக்குப் பதினோரு மணிக்கு வருகிறார்.

முதலாளி தரணீதரன் விதையைக் கையில் கொடுத்தபோதே சொல்லிவிட்டார். "செடி நின்னா ஆர்டர் நிக்குமுங்க. செடி போச்சுன்னா நீங்களும் கெளம்பிக்கலாமுங்க."

வேலையை விட்டு அனுப்பும்போதும் மரியாதை குறையாத ஊர் அது.

செந்தில்வேல் விதையை அப்படியே துப்புரவு வேலை பார்க்கும் வேலாத்தாளிடம் தள்ளிவிட்டிருந்தார். மாதக்கணக்கில் தொட்டியில் வெறும் மண்தான். அப்புறம் ஒருநாள் திடீரென்று இடுப்பளவு செடி நின்றது. போன திங்கட்கிழமை எட்டுக் கூடும் ஒரே நாளில், ஒரே நிறத்தில் பழுத்தன. வெளிநாட்டுச் செடி, நேரம் தவறாது என்று நினைத்துக்கொண்டார். அதற்குமேல் ஆச்சரியப்பட அவருக்குத் தெம்பில்லை.

இப்போது போனில் தேடினார். கூடு விஷம், காய் விஷம், நன்றாகச் சிவந்த பழம் மட்டும் தின்னலாம் என்றது. அவர் தின்றது வெளிறிய மஞ்சள்.

வேலாத்தாள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் மருதாணிச் சிவப்பு.

"இந்தப் பழத்தைத் தின்னா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாதுங்க சார்."

"உனக்கென்ன தெரியும்?" என்று எரிந்துவிழுந்து முதலுதவி அறைக்கு நடந்தார்.

வழியில் மதுரைப் பக்கத்து டெய்லர் பெரியகருப்பன் கும்பிட்டான். "என்ன சார், காலையிலயே ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போயிட்டு வந்தீகளா? நெத்தியில செந்தூரம் பளிச்சுன்னு இருக்கு."

செந்தில்வேல் நெற்றியைத் தொட்டார். கையெல்லாம் ஆரஞ்சு.

நர்ஸ் அன்புசெல்வி அவரை நாக்கை நீட்டச் சொன்னாள். விரலை நக்கிய நாக்கும் ஆரஞ்சாகத்தான் இருந்தது.

"வெசம் தோலுக்கு வந்துருச்சுங்க சார்," என்று உப்புத் தண்ணீரைக் கரைத்தாள். ஒரு சொம்பு குடித்தார். வாஷ்பேசினில் திருப்பிக் கொடுத்தார். வயிறு சுத்தமானது, நிறம் மாறவில்லை.

"ரிஜிஸ்டர்ல எழுதோணுங்க சார். பையர் வந்தா மொதல்ல அதைத்தான் பாப்பாங்க."

"எம்பேரை எழுதாதீங்க. யாரோ ஒரு தொழிலாளின்னு போடுங்க."

அங்கேதான் வினை. பேர் தெரியாத தொழிலாளி விஷப்பழம் தின்றதாக எழுதினால், அவரைத் தேடியதாகவும் ரிஜிஸ்டரில் காட்ட வேண்டும்; நர்ஸ் சும்மா இருக்க முடியுமா? அவள் மைக்கைப் பிடித்துவிட்டாள். "ரிசப்ஷன் செடியில பழம் தின்னவிங்க உடனே முதலுதவி அறைக்கு வாங்க. சம்பளத்தோட லீவு."

ஐந்து நிமிடத்தில் முப்பத்திரண்டு பேர் வரிசையில் நின்றார்கள்.

"செடியில கொறஞ்சது ஒரே ஒரு பழம்," என்றார் செந்தில்வேல் பரிதாபமாக.

"நான் ரெண்டு தின்னேன் சார்," என்றான் முதலில் நின்ற பெரியகருப்பன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

வாசலில் கார் நின்றது. பத்தரை மணிக்கே.

செந்தில்வேலுக்கு அழுகை வந்தது. இருபது வருட உழைப்பு ஒரு பழத்தோடு போகிறது. வாயைத் திறந்தால் செடியைத் தூக்கி எறிவார்கள், வேலை போகும். மூடிக்கொண்டிருந்தால் உயிர் போகும். எல்.கே.ஜி.யிலிருந்து கட்டிய ஃபீஸுக்குப் பலனாக மகள் இப்போதுதான் கல்லூரிக்குள் நுழைந்திருக்கிறாள். சரி, உயிர்தானே, சாயங்காலம் வரைக்கும் தாங்கட்டும் என்று முடிவு செய்து, கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். ஆரஞ்சு காதுவரை பரவியது.

பையரம்மா வரிசையைக் காட்டி ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். தரணீதரன் கண் இமைக்காமல் பதில் சொன்னார். பிறகு செந்தில்வேலின் காதில் கிசுகிசுத்தார். "உங்க செடியைப் பாக்கத்தான் இத்தனை கூட்டம்னு சொல்லிட்டனுங்க. மூஞ்சிக்கு என்னுங்க ஆச்சு?"

"செந்தூரமுங்க."

தன் செடிக்கு இத்தனை கூட்டமா என்று பையரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. செடிக்குப் பக்கத்தில் போனார். ஒரு கூட்டைப் பறித்தார். நல்லவேளை, அவர் தின்னவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு முதலாளியின் உள்ளங்கையில் அதை வைத்து ஐந்து நிமிடம் பேசினார்.

தரணீதரன் ஓடி வந்தார். முகமெல்லாம் பல்.

"செந்தில்வேல், நம்மளக் காப்பாத்திட்டீங்க. இந்தக் கலருதான் வேணுமாம். இத்தனை நாளா நாம காட்டுனது எதுவும் ஆரஞ்சே இல்லையாம், இயற்கை குடுத்த இதுதான் ஆரஞ்சாம். அடுத்த சீசன் முச்சூடும் இதே கலர். டையிங் மாஸ்டரைக் கூப்புட்டு இந்தக் கூட்டுக்கு மேச் பண்ணச் சொல்லுங்க. ஒரு மாசம் ஆனாலும் பரவால்லைங்க."

அவர் கூட்டைச் செந்தில்வேலின் கையில் வைத்துவிட்டு, பையரம்மாவை அழைத்துக்கொண்டு மாடிக்குப் போனார். செந்தில்வேல் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். வேலை தப்பிவிட்டது. உயிர் தப்புமா என்றுதான் தெரியவில்லை. கையில் இருந்த கூட்டின் ஆரஞ்சு, வியர்வையில் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது.

துடைக்க வந்த வேலாத்தாள் அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மாஸ்டரை எதுக்குங்க சார் கூப்புடறீங்க? அந்தம்மா குடுத்த வெதை ஒண்ணுகூட மொளைக்கலீங்க, உங்க வேலை போயிருமேன்னு பொங்கலூர்த் தோட்டத்துச் சொடக்குத் தக்காளியப் புடுங்கியாந்து வெச்சு, போன மாசம் அந்தம்மா வேண்டாம்னு திருப்பி உட்ட சாயத்துலதான் கூட்டை முக்கி எடுத்தேனுங்க."