கேட்டு மாமா மொட்டை போட்ட கதை

எழுபதுகளின் கடைசியில், சங்கரன்கோவிலில் தன் முதுமைக்குத் தானே வாடகை கட்டி, அதிலும் எசமானாக வாழ்ந்த ஒரே மனிதர் எங்கள் கேட்டு மாமாதான்.

ரயில்வே கேட் கீப்பராக இருந்து ரிட்டயரானவர். பெண்டாட்டி, பிள்ளை கிடையாது. என் அம்மாவுக்கு அண்ணன் என்பதால், "நம்ம வீட்டுக்கு வந்துரும் மாமா" என்று கூப்பிட்டேன்.

"ஒன் வீட்டுச் சோத்தத் தின்னா நீ எசமான். துட்டு குடுத்துத் தின்னா நான் எசமான். ஒனக்கே ஒம் பொண்டாட்டிதான் சோறு போடுதா, போலே!"

உண்மைதான். மூணாங்கிளாசோடு படிப்பும், மூணு மாசத்தோடு எந்த வேலையும் முடிந்துவிடும் ஆள் நான்.

ரிட்டயரான நர்ஸம்மா ஒருவர் தன் வீட்டில் நாலு வயசாளிகளை வைத்து, குளிப்பாட்டி, சோறும் மருந்தும் கொடுத்துக் கவனித்தார். மாமாவின் பென்ஷன் அங்கே போகும். மிச்சத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒரு பிரியாணிப் பொட்டலம். அங்கேயும் மாமா, ரயிலுக்குக் காட்டிய கொடிகளை விடவில்லை. சோறு வந்தால் பச்சை, கசாயம் வந்தால் சிவப்பு.

"அண்ணாச்சி, கொடிய மடக்கிட்டு வாயத் தொறங்க!" என்பார் நர்ஸம்மா.

விலைவாசி ஏற, நர்ஸம்மாவும் கட்டணத்தை ஏற்றினார். முதலில் பிரியாணி போனது. அடுத்து இடமே போய்விடும் போலிருந்தது. அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. "கோமதியம்மனுக்கு மொட்டை போடும் மாமா. பென்ஷன் கூடும்."

போட்டார். முப்பது வருச மீசையும் சேர்ந்து போனது.

அடுத்த வாரமே, உயிரோடிருப்பதை டிரஷரியில் நேரில் காட்டும் நாள். வருசா வருசம் காட்டினால்தான் பென்ஷன். கிளார்க் பென்ஷன் புஸ்தகத்தைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார்.

"போட்டோல மீசை கெடக்கு. இது ஆளே வேற. யாரவே கூட்டியாந்திருக்கீரு?"

"இவருதான் சார். மீசை நேர்த்திக்கடன்ல போயிட்டு."

"அப்ப மொளைச்ச பெறவு வாரும். அதுவரைக்கும் பென்ஷன் கெடையாது."

மாமா முகம் செத்துவிட்டது. "அதுவரைக்கும் நர்ஸம்மா வீட்டுல எப்படிலே இருப்பேன்?"

உதவுவதாக நினைத்து புஸ்தகத்தை எடுத்துப் புரட்டினேன்.

"ஏவே, தலைகீழாப் பிடிச்சிருக்கீரு!" கிளார்க் அதைப் பிடுங்கி நேராக்கினார். அங்க அடையாளம் கண்ணில் பட்டது. சத்தமாகப் படித்தார்: "உச்சந்தலையில் நீண்ட தழும்பு."

மாமா குனிந்தார். கேட் கம்பு விழுந்த பழைய தழும்பு, மொட்டைத் தலையில் தண்டவாளம் மாதிரி பளபளத்தது. கிளார்க் விரலால் தடவியே பார்த்துவிட்டார்.

"கையெழுத்துப் போடும் பெரியவரே. பஞ்சப்படி வேற கூடியிருக்கு. அரியரோட வாங்கிக்கிடும்."

மாமா மடியிலிருந்து பச்சைக் கொடியை உருவி ஆட்டினார். வரிசையில் நின்ற பென்ஷன்காரர்கள் அத்தனை பேரும் கைதட்டினார்கள்.

"பாத்தியாலே மருமவனே! மொட்டைக்கு அம்மன் கூலி குடுத்துட்டா!"

அன்றே நர்ஸம்மாவுக்குப் புதுக் கட்டணம் போய்ச் சேர்ந்தது. பிரியாணி ரெண்டு பொட்டலம் வந்தது. மாமா ஒன்றை என் முன்னால் வைத்தார்.

"தின்னுலே. இன்னைக்கு ஒனக்கும் நான்தான் எசமான்."

கிளம்பும்போது வாசலில் நின்று பச்சைக் கொடி காட்டினார். தெருமுனையில் திரும்பிப் பார்த்தேன். இன்னும் ஆட்டிக்கொண்டிருந்தார். காட்டியது பச்சைதான், எனக்குத்தான் நகர மனசு வரவில்லை.