நிலாக்கல்லும் ஆட்டுக்கல்லும்

விஞ்ஞானத்தை நிறுத்திவிடுவது என்று சின்னராஜ் முடிவு செய்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது.

எண்பத்திரண்டாம் வருஷம், மார்கழிக் கடைசி. அருவங்காடு குடியிருப்பில் புல்லெல்லாம் உறைபனி பூத்துக் கிடந்தது. பொங்கலுக்கு மன்றத்தில் பட்டிமன்றம். ‘விஞ்ஞான வளர்ச்சியை இத்தோடு நிறுத்தலாமா, கூடாதா?’ என்பது தலைப்பு. சீட்டுக் குலுக்கியதில் ‘நிறுத்தியே ஆக வேண்டும்’ அணிக்கு அவர் தலைவராகிவிட்டார்.

சின்னராஜ் வெடிமருந்துத் தொழிற்சாலையில் சார்ஜ்மேன். பதினான்கு இயந்திரங்கள் அவர் சொன்னபடி கேட்கும். ஆனால் சார்ஜெல்லாம் தொழிற்சாலை கேட்டுக்குள்ளேதான். வீட்டுக்கு வந்தால் அவர் சார்ஜ் இறங்கின பேட்டரி.

வாய் கொப்பளித்தபோதுதான் அந்த யோசனை வந்தது. மூன்று வருஷமாக அவர் மனைவி மருதாம்பாள் மாவாட்டுகிற கிரைண்டர் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இவரும் தீபாவளி, பொங்கல், ஆடி என்று தள்ளிக்கொண்டே வந்தார். விஞ்ஞானமே கூடாது என்று மேடையில் முழங்கி, கைதட்டல் வாங்கி, பொன்னாடையும் போர்த்திக்கொண்டு வந்துவிட்டால்? அப்புறம் எந்த வாயால் கேட்பாள்?

ஒரே கல்லில் இரண்டு மாங்காய்! சின்னராஜுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. குளிர் பாதி, குஷி பாதி.

அடுப்படியில் மருதாம்பாள் ஆட்டுக்கல்லின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஆட்டுவதற்கு முன் விரல்களை அடுப்பில் காட்டிச் சூடேற்றிக்கொண்டிருந்தாள். அந்தக் குளிரில் அது தினசரி வேலை.

“ஏம்புள்ள மருதா, சேதி தெரியுமா? பட்டிமன்றத்துல நான் அணித் தலைவர்!”

“அடேங்கப்பா. எந்தப் பக்கமுங்க?”

“விஞ்ஞானத்தை நிறுத்தோணும்கற பக்கம். மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் மனுசனைச் சோம்பேறியாக்குது. ஒழியோணும்!”

சண்டை வருமென்று எதிர்பார்த்தார். வரவில்லை. மருதாம்பாள் அடுப்பிலிருந்து கையை எடுத்தாள்.

“நெசமாலுமே செயிச்சுப் போடுவீங்களா?”

“சந்தேகமா?”

“அப்படிச் செயிச்சுட்டீங்கன்னா, இந்த ஊட்டுல கிரைண்டர்ங்கற பேச்சே எடுக்க மாட்டனுங்க. தோத்தா?”

“தோத்தாத்தானே புள்ள! தோத்தா அந்த வாரமே கிரைண்டர் வந்து எறங்கும்.”

“ஜெஸிந்தா டீச்சர்!” என்று மருதாம்பாள் ஜன்னலைப் பார்த்துக் கூப்பிட்டாள். பக்கத்து வீட்டு ஜெஸிந்தா பள்ளிக்கூட டீச்சர். எதிரணியில் கடைசியாகப் பேசப்போகிறவரும் அவர்தான். ஒரு கையில் முட்டையோடு எட்டிப் பார்த்தார்.

“இவரு சொல்றதைக் கொஞ்சம் கேட்டுக்குங்க. சாட்சிக்கு ஆள் வேணும்.”

சின்னராஜ் இன்னொரு முறை சத்தமாகச் சொன்னார். ஜெயிக்கப் போகிறவனுக்கு என்ன பயம்?

அன்று சாயங்காலமே ஒத்திகை தொடங்கியது. மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த டேப் ரிக்கார்டரை மேசைமேல் வைத்தார். சிவப்புப் பொத்தானை அமுக்கினார்.

“பெரியோர்களே! மனிதனை அடிமையாக்கியது எது? இயந்திரம்! எந்தக் குரலையும் தனக்குள் அடைத்துக்கொள்ளும் இந்த இயந்திரப் பேய்…” என்று சொல்லிவிட்டு, டேப் சரியாக ஓடுகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டார்.

பத்து நாள் பேசினார். பேசியதைப் போட்டுக் கேட்டார். கேட்டுவிட்டுத் தானே தலையாட்டினார். அவர் வேலைக்குப் போன பிறகும் அந்த டேப் ஓடியதென்று அவருக்குத் தெரியாது.

வெடியைப் பற்றியும் குண்டைப் பற்றியும் ஒரு பத்தி எழுதியிருந்தார். மருதாம்பாள்தான் தடுத்தாள்.

“ஏனுங்க, நாமெல்லாம் சோறு திங்கறதே வெடிமருந்துலதானுங்களே. மேனேஜர் முன்வரிசையில குந்தியிருப்பாரு.”

சின்னராஜ் பேனாவை எடுத்தார். பத்தியை அடித்தார். எவ்வளவு அக்கறை இவளுக்கு! அந்த நன்றியில் அவளுக்கும் ஒரு வேடம் கொடுத்தார்.

“நீ எதிரணி மாதிரி பேசு பாக்கலாம். நான் மடக்கறேன்.”

“எனக்கென்னங்க தெரியும்… இப்ப, வைத்தியமெல்லாம் வந்திருக்குதுங்களே. அது நல்லதுதானுங்களே?”

“வியாதியும்தான் கூடிப்போச்சு! அடுத்து?”

“பஸ்ஸு, ரயிலு…”

“விபத்து! அடுத்து?”

“நெலாவுக்கே போயிட்டு வந்துட்டாங்களாமே…”

சின்னராஜ் இதற்காகத்தான் காத்திருந்தார். எழுந்து நின்றார். “போனான்! கோடி கோடியாக் கொட்டிப் போனான்! போயி எதைக் கொண்டாந்தான்? கல்லு! எங்க நீலகிரியில இல்லாத கல்லா?”

“அய்யோ சாமி, உங்ககிட்டப் பேசி மீள முடியுமுங்களா!” என்று மருதாம்பாள் கன்னத்தில் கை வைத்தாள். தினமும் தோற்றாள். தினமும் ஒரே மாதிரித் தோற்காமல் விதவிதமாகத் தோற்றாள். ஒரு நாள் இவருக்கே பாவமாகப் போய், அவளுக்காக ஒரு வாதம் எடுத்துக் கொடுத்தார். அதிலும் தோற்றாள்.

பொங்கலன்று மன்றத்தில் உட்கார இடமில்லை. கம்பளியும் குரங்குக் குல்லாவுமாகக் குடியிருப்பே வந்திருந்தது. நடுவர் குன்னூரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர். முன்வரிசையில் மேனேஜர், மனைவியோடு.

சின்னராஜ் வெளுத்துக் கட்டினார். மைக்கைப் பிடித்துக்கொண்டு இயந்திரத்தைத் திட்டினார். “ஆட்டுக்கல்லில் ஆட்டிய மாவின் ருசி மெஷினில் வருமா?” என்றபோது ஆண்கள் பக்கம் கைதட்டல் கூரையைத் தூக்கியது. நிலாக்கல்லுக்கு மேனேஜரே சிரித்துவிட்டார். உட்காரும்போது பொன்னாடையின் ஜரிகை தோளில் உறுத்துவது போலவே இருந்தது.

எதிரணியில் கடைசிப் பேச்சு. ஜெஸிந்தா டீச்சர் எழுந்தார். கழுத்தில் மப்ளர். தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

“நடுவர் அவர்களே, குளிரில் தொண்டை கட்டிவிட்டது,” என்று கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு குரல். “எனக்குப் பதிலாக மருதாம்பாள் பேசுவார்.”

சின்னராஜ் நிமிர்ந்தார். மத்தியானம்கூடக் குரங்கை விரட்டிக் குடியிருப்பையே எழுப்பிய தொண்டை அது!

மருதாம்பாள் மேடை ஏறினாள். மைக்கைத் தொடவே இல்லை. தேவைப்படவும் இல்லை.

“எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் சின்னராஜ் ஊட்டுக்காரி. அவரு சொன்ன ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்றனுங்க. வரிசை மாறாது, பத்து நாளா மனப்பாடம்.”

சிரிப்பு எழுந்தது. வீட்டு மேசைமேலிருந்த டேப் ரிக்கார்டர் சின்னராஜின் நினைவுக்கு வந்தது.

“வியாதி கூடிப்போச்சுன்னாரு. எனக்கு முன்னால எங்கம்மா பெத்த நாலு பேரும் அம்மை வந்து போயிட்டாங்க. எனக்கு ஊசி போட்டாங்க, நான் இருக்கறேன். ஊசிக்கு முன்னாடி நிறுத்தியிருந்தா, அவரு இன்னிக்கு ஒத்திகை பாக்க ஆளில்லாம நின்னிருப்பாரு.”

கூட்டம் கை தட்டியது.

“நிறுத்தோணும்கறாங்க. செரி, நிறுத்தலாமுங்க. எங்கன்னு சொல்லட்டும். நானும் யோசிச்சுப் பாத்தனுங்க. ஒவ்வொருத்தரும் ஒரு கோடு போடறாங்க. அந்தக் கோடு எப்பவும் அவங்க ஸ்கூட்டருக்கு அந்தப் பக்கம், பொண்டாட்டி கேக்கற கிரைண்டருக்கு இந்தப் பக்கம் விழுவுது. அதெப்படீங்க?”

பெண்கள் பக்கம் விசில் பறந்தது. விசில் அடித்தது யாரென்று பார்த்தால் மேனேஜரின் மனைவி.

“மெஷினு தப்புப் பண்ணாதான்னா, பண்ணுமுங்க. கொழந்தை நடக்கறப்பக்கூட விழுவுது. விழுவுதேன்னு காலையா கட்டிப் போடறோம்? கையப் புடிச்சு நடக்கச் சொல்லித் தர்றோம். விஞ்ஞானத்தையும் புடிச்சு நடத்தோணும். நிறுத்தக் கூடாது.”

சின்னராஜ் தன்னை அறியாமல் நாற்காலி நுனிக்கு வந்திருந்தார். அடேயப்பா! இந்த வாதம் எங்கே இருந்தது? பத்து நாளில் ஒரு நாள்கூட இதை எடுத்து வெளியில் விடவில்லையே! தான் எந்த அணி என்பது அவருக்கு லேசாக மறந்துகொண்டிருந்தது.

“கடைசியா ஒண்ணுங்க. நெலாவுக்குப் போனவன் கல்லுத்தான் கொண்டாந்தான்னு எங்க ஊட்டுக்காரரு கேலி பண்ணினாரு. அவனாவது அவ்வளவு தூரம் போயிக் கல்லு கொண்டாந்தான். இவரு எங்கியும் போகாம, பன்னெண்டு வருசமா எனக்கு ஒரே கல்லுத்தானுங்க குடுத்திருக்காரு. ஆட்டுக்கல்லு!”

கூரை பிய்ந்தது. முதல் ஆளாக எழுந்து நின்று, தலைக்கு மேல் கையைத் தூக்கிப் படபடவென்று தட்டியவர் ஒருவர் இருந்தார். பக்கத்திலிருந்தவர் வேட்டியைப் பிடித்து இழுத்தபோதுதான், அது தானே என்று சின்னராஜுக்கு உறைத்தது.

நடுவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“நாற்பது வருஷமாகத் தமிழ் சொல்லிக் கொடுத்தேன். தீர்ப்புக்கு இவ்வளவு சுலபமான வழக்கைப் பார்த்ததில்லை. ‘நிறுத்த வேண்டும்’ அணியின் தலைவரே எழுந்து நின்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். நான் எதற்கு? நிறுத்தக் கூடாது!”

பொன்னாடை மருதாம்பாளுக்கு. “அருமையா பேசினீங்க!” என்று முதலில் கத்திப் பாராட்டியவர் ஜெஸிந்தா டீச்சர். தொண்டை வெண்கலமாகத் திறந்திருந்தது.

வீடு திரும்பும்போது பனிமூட்டத்தில் இருவரும் சேர்ந்து நடந்தார்கள். கோபப்பட வேண்டும் என்று சின்னராஜ் முயற்சி செய்தார். வரவில்லை.

“அந்தக் கொழந்தை நடக்கறதை எப்ப யோசிச்சே?”

“மொத நாளேங்க. ஆட்டறப்ப கைக்குத்தானே வேலை. தலை சும்மாதான இருக்கும்.”

“அப்பறம் ஏன் தெனமும் தோத்தே?”

“உங்களுக்குத் தெம்பு வரோணுமில்லீங்க.”

சனிக்கிழமை, கோவை பஸ்ஸின் கூரையில் கோணி சுற்றிய கிரைண்டர் மலை ஏறியது. நான்கு பேர் சேர்ந்து இறக்கினார்கள். அக்கம்பக்கமெல்லாம் கூடியது. மருதாம்பாள் அதற்குப் பொட்டு வைத்தாள். சுவிட்சைப் போட்டதும் கல் சுழன்றது. அரிசி வெண்ணெயாக இறங்கியது. சின்னராஜ் குழந்தை மாதிரி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். எல்லோரும் போன பிறகும் நின்றார்.

“அடடா, என்ன சுத்து! என்ன மோட்டாரு! மருதா, இங்க வந்து பாரு!”

மருதாம்பாள் வந்தாள். பட்டுச்சேலை, தலையில் பூ, கையில் குடை. வாசலில் ஜெஸிந்தா டீச்சர் நின்றிருந்தார்.

“ஊட்டி மாதர் சங்கத்துல பேசக் கூப்புட்டிருக்காங்க. ஆட்டற வேலைதான் இல்லியே, போயிட்டு வந்தர்றனுங்க. அடுத்த சனிக்கிழமை பிக்கட்டியில பேசறேன்.”

“அப்ப இந்த மாவு?”

“நீங்க சார்ஜ்மேனுங்க. ஒரு மெஷினு உங்க பேச்சைக் கேக்காதா? இருவது நிமிசம் ஆட்டிட்டு வழிச்சு வெச்சிருங்க. உப்பு மறந்துறாதீங்க.”

படி இறங்கியவள் ஒரு முறை திரும்பினாள்.

“ஏனுங்க, கல்லு சுத்தறப்பக் கையை உள்ள விட்டுறாதீங்க. நிறுத்தீட்டு வழிங்க.”

விஞ்ஞானத்தை நிறுத்துவதற்குச் சின்னராஜுக்குக் கடைசியில் கிடைத்த இடம், அந்தச் சுவிட்சு ஒன்றுதான்.