மாடி ரூமின் மேற்குச் சுவர்

இந்த வீட்டில் ஒரு கட்டிலாவது எனக்கென்று இருக்க வேண்டும். போன மாதம் ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே இந்தச் சபதத்தை எடுத்தேன். வாய் நிறைய நுரை இருந்ததால் யமுனாவுக்குக் கேட்கவில்லை. என் மனைவி பக்கத்தில் இருக்கும்போது சபதம் எடுக்க அதுதான் பாதுகாப்பான நேரம்.

திருப்பதியில் வீடு கட்டியவன் வீடு கட்டியவன் இல்லை. சத்திரம் கட்டியவன். எனக்குச் சொந்த ஊர் திருத்தணிப் பக்கம், வேலை ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில். திருப்பதியில் நான் மனை வாங்கியபோது என்னைவிடச் சொந்தக்காரர்கள்தான் அதிகமாகச் சந்தோஷப்பட்டார்கள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மலைக்குப் போகுமுன் ஒரு ராத்திரி, இறங்கி வந்ததும் ஒரு ராத்திரி என்று வரிசையாக வந்தார்கள். நான் ஹாலில் இரண்டு மொட்டைத் தலைகளுக்கு நடுவே படுத்தேன். ஒரு முறை தூக்கக் கலக்கத்தில் தண்ணீர்ச் சொம்பு என்று நினைத்து யமுனாவின் சித்தப்பா தலையைத் தூக்கப் பார்த்தேன். அவர் இன்றுவரை என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

அதனால் மாடியில் ஒரு ரூம் கட்டினோம். அது எனக்கு என்று நான் நினைத்தேன். வருகிறவர்களுக்கு என்று யமுனா நினைத்தாள். மேஸ்திரி கங்கையா அவளைக் கேட்டுக் கேட்டுத்தான் கட்டினார். பூச்சு வேலை முடிந்த அன்றைக்கே அவளிடமிருந்து அறிவிப்பு வந்துவிட்டது.

"மாமா, சனிக்கிழம சூளூர்பேட்டையிலேருந்து பெரியம்மா வர்றாங்க. குடும்பத்தோட. மாடி ரூம்லதான் தங்குறாங்க."

"அப்ப நான்?"

"நீ எப்பவும் போல ஹால்லதான். உனக்குத்தான் பழக்கமாச்சே!"

கம்பெனியில் எனக்குத் தரம் பார்க்கும் வேலை. நான் தள்ளுபடி என்றால் தள்ளுபடி. மேனேஜரே வந்தாலும் அந்தச் சாமான் வெளியே போகாது. அப்படிப்பட்டவன் ஒரு ரூமைத் தள்ளுபடி செய்ய முடியாதா? மறுநாளே காந்தி ரோட்டில் ஒரு தூக்குக்குண்டு வாங்கினேன்.

மேலே ஒரு சின்னக் கட்டை, நடுவில் நூல், நூல் முனையில் பித்தளைக் குண்டு. கட்டையைச் சுவரின் மேல்பக்கம் ஒட்டிப் பிடித்துக் குண்டைக் கீழே விட வேண்டும். குண்டு சுவரைத் தொட்டும் தொடாமல் நின்றால் சுவர் நேர். குண்டு விலகி நின்றால் சுவரின் மேல்பக்கம் நம்மை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

யமுனா கடைக்குப் போன நேரம் மாடிக்குப் போய் நாலு சுவரையும் பார்த்தேன். நாலும் நேர். ஒரு நூல்கூடப் பிசகவில்லை. கங்கையா மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இந்தக் காலத்தில் யாரய்யா இவ்வளவு ஒழுங்காக வேலை செய்கிறார்கள்?

சுவர் சாயாவிட்டால் என்ன, கட்டை தள்ளி நின்றால் போதுமே. கட்டைக்குப் பின்னால் ஒட்ட ஏதாவது வேண்டும். வீட்டில் எந்தப் பொருளை எடுத்தாலும் யமுனா கேள்வி கேட்பாள், என் பழைய ரப்பர் செருப்பைத் தவிர. இடது செருப்பின் குதிகாலில் அடிப்பக்கமாக ஒரு துண்டு சீவி, பசை போட்டுக் கட்டையின் பின்னால் ஒட்டினேன். குண்டு அரை விரல் தள்ளிப் போய் நின்றது. என் வாழ்க்கையில் நான் பார்த்த மிக அழகான இடைவெளி அது.

சாயங்காலம் யமுனாவை மாடிக்குக் கூப்பிட்டேன். சாட்சிக்குப் பக்கத்து வீட்டுக் கமலம்மாவையும் கூப்பிட்டேன். செருப்புக் காலோடு ஸ்டூல் மேல் ஏறி, கட்டையைக் கையால் மூடிப் பிடித்து, மேற்குச் சுவரில் குண்டை இறக்கினேன்.

"பாத்தியாமே? சொவுரு சாய்ஞ்சிகீது."

"அய்யோ தேவுடா!" என்று கமலம்மா வாசல் வரை பின்வாங்கினார்.

யமுனா பதறவில்லை. குனிந்து குண்டுக்கும் சுவருக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தாள். பாதி நிமிர்ந்தாள். நான் ஸ்டூல் மேல் நின்றதால் என் கால் அவள் முகத்துக்கு நேராக இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் பாதத்தை அவள் இவ்வளவு பயபக்தியோடு பார்த்ததில்லை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"இன்னா மாமா பண்றது இப்ப?"

"வர்றவங்க கீழயே படுக்கட்டும். வயசானவங்க மேல விழுந்தா பழி யாருக்கு? நான் இங்க படுத்துக்கறேன்."

"உன் மேல விழுந்தா?"

"விழட்டும். குடும்பத்துக்காக இதுகூட செய்யலன்னா எப்டி?"

யமுனாவின் கண் கலங்கியது. எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. இப்படிப்பட்டவளை ஏமாற்றுகிறோமே என்று நிஜமாகவே வெட்கப்பட்டேன். ஒரு நிமிஷம்தான்.

"கங்கையாவ கூப்பிடுவோம் மாமா. அவரு குண்டு போட்டு பாக்கட்டும்."

"வாணாம் வாணாம்! பாவம் பெரிய மனுசன், மனசு ஒடைஞ்சிடுவாரு."

"அவரு கட்னது எதுவும் சாயாதே..." என்று யோசித்தாள். திடீரென்று நெஞ்சில் கை வைத்தாள். "ஐயோ மாமா! வேண்டுதல்!"

எனக்குச் சுருக்கென்றது. அஸ்திவாரம் போட்ட அன்றே, வீடு நல்லபடியாக முடிந்தால் மாமா நடந்தே மலையேறி முடி கொடுப்பார் என்று ஏழுமலையானிடம் யமுனா வேண்டிக்கொண்டிருந்தாள். வேண்டுதல் அவளுடையது. முடி என்னுடையது. கீழ் வீடு முடிந்து வருஷங்கள் ஓடிவிட்டன. முட்டி வலி, கம்பெனியில் ஆடிட், மச்சினி கல்யாணம் என்று நானும் தள்ளிக்கொண்டே வந்தேன். மிச்சமிருக்கிற நாலு முடியை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்குக் கொண்டுபோக நான் தினமும் படும் பாடு எனக்குத்தான் தெரியும்.

"மலை அடிவாரத்துல குடியிருந்துக்கினு சாமிக்கே பாக்கி வெச்சிகீறோம். அதான் சொவுரு சாயுது."

"நிஜமே அம்மா!" என்றார் கமலம்மா. "வேண்டின மொக்கு தீர்க்காம வெச்சா இல்லு, வீடு நிக்குமா? இப்ப சொவுரு. அப்பறம் கூரை!"

"அதுக்கும் இதுக்கும் இன்னாங்க சம்பந்தம்?"

"அப்ப கங்கையாவ கூப்பிடவா மாமா?"

நான் கணக்குப் போட்டேன். மொட்டை போட்டாலும் செருப்புத் துண்டு கட்டையில்தானே இருக்கப்போகிறது? சுவர் சாய்ந்தபடியே இருக்கும். ரூம் என்னுடையது. முடி மறுபடி வளரும், மாடியில் இன்னொரு ரூம் வளராது. சரி என்றேன்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் வெறுங்காலோடு கிளம்பினேன். சந்திரகிரிப் பக்கம் ஸ்ரீவாரி மெட்டுப் படிகளில் ஏறினேன். பக்கத்தில் கைக்குழந்தையோடு வந்தவர்கள்கூட என்னைத் தாண்டிப் போனார்கள். கல்யாணக்கட்டாவில் முடி கொடுத்தேன். என் தலைக்கு ஆன நேரத்தைப் பார்த்து எனக்கே வருத்தமாக இருந்தது. இலவச வரிசையில் நின்று, சாமி பார்த்து, சனிக்கிழமை சாயங்காலம் லட்டோடு வீடு வந்து சேர்ந்தேன்.

வாசல் முழுக்கச் செருப்பு. பெரியம்மா வெங்கடலட்சுமி, அவர் பிள்ளைகள், மருமகள்கள், பேரன் பேத்திகள் எல்லோரும் வந்துவிட்டார்கள். எல்லோரும் மாடியில் இருந்தார்கள். கமலம்மாவும் இருந்தார். யமுனா சாமி அலமாரியிலிருந்து தூக்குக்குண்டை எடுத்து வந்தாள். அதற்கு மஞ்சள், குங்குமம், ஒரு முழம் பூ.

"வா மாமா! வேண்டுதல் தீந்துச்சி. இப்ப பாக்கலாம்."

"ஏமே, இரு, நான் புடிக்கறேன்..."

"நீ நடந்து வந்து களைச்சிகீற. உக்காரு."

அவளே ஸ்டூலில் ஏறினாள். கட்டையை மேற்குச் சுவரில் வைத்தாள். குண்டு இறங்கியது. ஆடியது. நின்றது. சுவரைத் தொட்டும் தொடாமல், கச்சிதமாக.

"கோவிந்தா!" என்றார் பெரியம்மா.

"கோவிந்தா! கோவிந்தா!" என்று ரூமே அதிர்ந்தது. கமலம்மா சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பேரன் ஒருவன் என் மொட்டையையும் தொட்டுக் கும்பிட்டான். சுவர் சாய்ந்திருக்கிறது என்று இனி எந்த வாயால் சொல்வது?

பெரியம்மா அங்கேயே பாயை விரித்தார். நான் கீழே வந்தேன். ஹாலில் என் தலையணை என் பழைய இடத்தில் எனக்காகக் காத்திருந்தது. பின்னாலேயே யமுனா வந்து இடது செருப்பைத் திருப்பி என் முன்னால் வைத்தாள். சீவின இடத்தில் அந்தத் துண்டை வைத்து அழுத்தினாள். இம்மி பிசகாமல் பொருந்தியது.

"அன்னிக்கி ஸ்டூல் மேலயே பாத்துட்டேன் மாமா. குண்டு எவ்ளோ தள்ளி நின்னுச்சோ, உன் செருப்புல அவ்ளோ கொறைஞ்சி இருந்துச்சி."

"அப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா," என்று என் தலையில் சந்தனத்தைத் தடவிக்கொண்டே கேட்டாள், "மொட்ட யாரு போடுவா?"